வேண்டாம் என்று சொல்லும் உரிமை: பாலாச்சடியில் போலந்துக் குழந்தைகளும் ஒரு மகாராஜாவும்



போர்க்காலக் குழந்தைப் பருவம் பற்றிப் பேசுமாறு இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். போரின் வரலாற்றைத் தளபதிகளும் அமைச்சர்களும் உடனுக்குடன் எழுதிவிடுகிறார்கள். அந்தப் போரில் அகப்பட்ட குழந்தைகளோ வளர்ந்து, முதிர்ந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் வாய் திறக்கிறார்கள். அப்படிப் பிற்காலத்தில் வாய் திறந்தவர்களில் ஒரு கூட்டத்தார் நம் நாட்டோடு சம்பந்தப்பட்டவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது போலந்திலிருந்து நாடு கடத்தப்பட்டு, சோவியத் நாட்டின் பனிக்காடுகளில் பெற்றோரை இழந்து, கடைசியில் குஜராத்தின் கடற்கரையில் ஒரு மகாராஜாவின் எதிரே வந்து நின்றவர்கள். அவர்களுடைய நினைவுகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வீட்டிலிருந்து வெகுதூரம்

1939 ஆகஸ்டு 23 அன்று ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. செப்டம்பர் முதல் தேதி மேற்கிலிருந்து ஜெர்மனியப் படை போலந்துக்குள் நுழைந்தது. பதினேழாம் தேதி கிழக்கிலிருந்து சோவியத் படை நுழைந்தது. ஒரு நாடு இரண்டு பேருக்குப் பாகமானது. கிழக்குப் பாகத்தில் இருந்த ஆசிரியர்கள், வனக் காவலர்கள், நிலம் பெற்ற முன்னாள் படைவீரர்கள், அரசு ஊழியர்கள் ஆகியோரின் குடும்பங்களை அப்புறப்படுத்துவது என்று மாஸ்கோவில் முடிவாயிற்று.

1940 பிப்ரவரி 10 அன்று முதல் அலை. கடுங்குளிர்காலம். விடியுமுன் துப்பாக்கியோடு கதவைத் தட்டினார்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளச் சற்று நேரம் கொடுத்தார்கள்; சிலருக்கு அதுவும் இல்லை. பிறகு சரக்கு ரயில் பெட்டிகள். பெட்டிக்குள் ஓர் அடுப்பு, தரையில் கழிவுக்கு ஒரு துவாரம், வெளியிலிருந்து பூட்டிய கதவு. வாரக்கணக்கில் பயணம். ஆர்க்காங்கெல்ஸ்க் காடுகளிலும் சைபீரியாவிலும் கஜகஸ்தானின் புல்வெளிகளிலும் இறக்கிவிட்டார்கள். பெரியவர்கள் மரம் வெட்ட வேண்டும், வெட்டினால் ரொட்டி. அதே ஆண்டு ஏப்ரலிலும் ஜூனிலும், 1941-இன் கோடையிலும் மேலும் மூன்று அலைகள். சோவியத் ஆவணங்களே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்குக் காட்டுகின்றன.

1941 ஜூன் 22 அன்று ஹிட்லர் தன் கூட்டாளியின் மீதே பாய்ந்தார். நிலைமை தலைகீழானது. ஜூலை 30 அன்று லண்டனில் போலந்தின் புலம்பெயர்ந்த அரசும் சோவியத் அரசும் உடன்பாட்டுக்கு வந்தன. நாடு கடத்தப்பட்ட போலந்து மக்களுக்குப் 'பொதுமன்னிப்பு' அளிக்கப்பட்டது. எந்தக் குற்றமும் செய்யாதவர்களுக்கு மன்னிப்பு! ஜெனரல் ஆண்டர்ஸ் தலைமையில் திரண்டுகொண்டிருந்த போலந்துப் படையைத் தேடி அவர்கள் தெற்கு நோக்கி நகர்ந்தார்கள். உஸ்பெகிஸ்தானை எட்டியபோது டைஃபஸ் காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்து குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போயின. பிள்ளைகளை அநாதை இல்லத்து வாசலில் விட்டுவிட்டு, இங்கேயாவது சோறு கிடைக்கும் என்று திரும்பிப் பார்க்காமல் நடந்த தாய்மார் உண்டு. அந்தப் பிள்ளைகளில் பலர் தாயை மறுபடி பார்க்கவே இல்லை.

1942-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போலந்து மக்கள் சோவியத் எல்லையைத் தாண்டிப் பாரசீகம் சேர்ந்தார்கள். அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா, நியூசிலாந்து, மெக்சிகோ என்று குழந்தைகள் திசைக்கொன்றாகப் போனார்கள். இவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் வேறு வழியாக வந்தார்கள். பம்பாயிலிருந்து நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு அஷ்காபாத் வரை போன லாரிகள், திரும்பும்போது அநாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டன. மஷ்ஹத், சாஹிதான், குவெட்டா என்று மலையும் பாலையும் கடந்து அவை இந்தியாவுக்குள் வந்தன. போலந்தின் புகழ்பெற்ற பாடகியும் நடிகையுமான ஹான்கா ஓர்டோனுவ்னா இந்தக் குழந்தைகளோடு பயணம் செய்தார். தாமே சோவியத் சிறை கண்டு மீண்டவர், நோயாளி. அந்த அலைச்சலைப் பின்னாளில் ஒரு நூலாகவும் எழுதினார்.

எதிரே வந்த அரசர்

பம்பாய் பாந்த்ராவில் சில காலம் தங்கிய பிறகு, 1942-இன் நடுவில் குழந்தைகள் நவாநகர் சமஸ்தானத்துக்கு வந்தார்கள். ஜாம்நகரிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டரில், கட்ச் வளைகுடாவின் ஓரம் பாலாச்சடி என்ற சிற்றூர். மகாராஜாவின் கோடைக்கால மாளிகைக்குப் பக்கத்தில் அவர்களுக்காக ஒரு முகாம் கட்டப்பட்டிருந்தது. இரண்டு வயதுக் குழந்தையும் வந்தது, பதினைந்தைத் தாண்டிய பிள்ளையும் வந்தது. 1946 வரை அங்கே தங்கியவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அந்தக் குழந்தைகள் எந்த நிலையில் வந்து இறங்கினார்கள் என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பேனுக்காக மொட்டையடித்த தலை. எலும்பும் தோலுமான உடம்பு. சாப்பாட்டு மேசையில் வைத்த ரொட்டியைத் தின்றது பாதி, தலையணைக்கடியில் ஒளித்தது பாதி. நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் வயிற்றைவிட்டுப் போயிருக்கவில்லை. அதிகாரி என்றால் கதவைத் தட்டுகிறவர், ரயிலில் ஏற்றுகிறவர், ரொட்டியை நிறுத்துகிறவர். அவர்கள் அறிந்த அதிகாரம் அவ்வளவுதான்.

அரசர் என்பவரோ கதைப்புத்தகத்தில் இருப்பவர். போலந்தின் கடைசி அரசர் முடிதுறந்தது 1795-இல். இவர்களுடைய பாட்டனார் காலத்தில்கூட அவர்களுக்கென்று சொந்த அரசர் இல்லை. ஆகவே உயிருள்ள ஓர் அரசரை இந்தக் குழந்தைகள் முதன்முதலில் பார்த்தது இந்தியாவில்தான்.

வந்தவர் நவாநகர் மகாராஜா ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி. அவர்களை வரவேற்று அவர் சொன்னதை, அங்கே வளர்ந்த பலரும் முதுமையிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இனி நீங்கள் அநாதைகள் இல்லை, நவாநகர்க்காரர்கள்; இந்த மக்கள் எல்லோருக்கும் நான் 'பாபூ', அதாவது தந்தை; உங்களுக்கும் அப்படியே. இதுதான் அவர் சொன்னதன் சாரம். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகள் அவரை 'பாபூ' என்றே அழைத்தார்கள்.

நெகிழ்ச்சியான வரவேற்புரைகள் அரசர்களுக்குப் பழக்கமானவை. ஆகவே உரையை விட்டுவிட்டு, அடுத்து வந்த நாட்களில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். முகாமின் பொறுப்பு போலந்துப் பாதிரியார் அருட்தந்தை புளூத்தாவிடம் இருந்தது. பள்ளி போலிஷ் மொழியில் நடந்தது. போலிஷ் நூல்கள் தேடித் தருவிக்கப்பட்டன. கொடிமரத்தில் போலந்தின் வெள்ளை சிவப்புக் கொடி ஏறியது. சாரணர் இயக்கம் நடந்தது, ஞாயிறு பூசை நடந்தது. பிள்ளைகள் போலந்து நாட்டுப்புற உடைகளைத் தைத்து அணிந்து ஆடினார்கள், நாடகம் போட்டார்கள். மகாராஜா வந்து உட்கார்ந்து பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு வந்தார். மாளிகைத் தோட்டமும் நீச்சல் குளமும் அவர்களுக்குத் திறந்திருந்தன. உள்ளூர்ப் பையன்களோடு கால்பந்து ஆடினார்கள்.

இனி ஒரு சிறு சம்பவம். பாலாச்சடிப் பிள்ளைகள் கூடும் இடங்களில் எல்லாம் தவறாமல் பேசப்பட்டது அது. முகாம் சமையலறையில் பசலைக்கீரையை வேகவைத்துப் பரிமாறினார்கள். உடம்புக்கு நல்லது என்றார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. பிள்ளைகள் தங்களுக்குள் கூடிப் பேசி, கீரையைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஒரு வேலைநிறுத்தம் போல. செய்தி மகாராஜா காதுக்குப் போயிற்று. அவர் கண்டிக்கவில்லை, பட்டினியை நினைவூட்டவில்லை, நன்றியைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. இனி இந்தப் பிள்ளைகளுக்குக் கீரை சமைக்க வேண்டாம் என்று சமையற்காரர்களிடம் சொல்லிவிட்டார்.

என்னுடைய இன்றைய உரையின் நடுப்புள்ளி இந்தச் சம்பவம்தான்.

ஓராண்டுக்கு முன்பு அதே பிள்ளைகள் ரொட்டித் துண்டுக்காகப் பனியில் வரிசையில் நின்றவர்கள். கொடுத்ததை மறுக்கும் எண்ணமே அங்கே தோன்றியிராது. இங்கே அவர்களுக்கு ஒன்று பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லத் துணிவு வந்தது. சொன்னதைக் கேட்க ஓர் ஆள் இருந்தார். பசித்தவருக்குச் சோறு போடுவது தர்மம். அந்தச் சோற்றில் இது வேண்டாம் என்று அவர் சொல்லும்போது முகம் சுளிக்காமல் இருப்பது அதைவிடக் கடினமான தர்மம். அடைக்கலம் தந்தவரின் பெருமையை அளக்க நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: அடைக்கலம் பெற்றவரால் அங்கே 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்ததா?

யார் இந்த ஜாம் சாகேப்

நம் இளைஞர்களுக்கு நவாநகர் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். ரஞ்சி கோப்பை தெரியும். அந்தக் கோப்பைக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜிதான் 1907 முதல் 1933 வரை நவாநகரை ஆண்டார். திக்விஜய்சிங்ஜி அவருடைய தம்பி மகன். தத்துப்பிள்ளையாக அரியணைக்கு வந்தவர். ரஞ்சி சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாக ஐரோப்பா போனபோது கூடப் போன இளைஞர் திக்விஜய்சிங்ஜி, போலந்தின் மாபெரும் பியானோ கலைஞரும் முன்னாள் பிரதமருமான பதெரெவ்ஸ்கியைச் சுவிட்சர்லாந்தில் சந்தித்தார் என்றும், போலந்தின் மீது அவருக்குப் பற்று ஏற்பட்டது அங்கேதான் என்றும் சொல்வார்கள்.

அவர் அன்றைய சமஸ்தானாதிபதிகளின் மன்றத்துக்குத் தலைவர். 1942-இல் பிரிட்டிஷ் போர் அமைச்சரவையில் இந்தியாவின் பிரதிநிதிகளாக நியமிக்கப்பட்ட இருவரில் ஒருவர். மற்றொருவர் நம் சென்னையின் நீதிக்கட்சித் தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியார். இருவரும் பிரிட்டிஷ் ஆட்சியோடு இணங்கி நடந்தவர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முகாம் தொடங்கிய சில வாரங்களுக்குள், 1942 ஆகஸ்டு 8 அன்று, பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. ஒரு நாடு முழுவதும் எழுந்து நின்று 'வேண்டாம்' என்று சொன்ன மாதம் அது. அப்படிச் சொன்னவர்களைப் பிரிட்டிஷ் அரசு சிறையில் அடைத்தது. அடுத்த ஆண்டு வங்கத்தில் பஞ்சம் வந்து முப்பது லட்சம் பேர் வரை மடிந்தார்கள் என்று கணக்கிடப்படுகிறது. அந்தப் பட்டினியின் குரலை லண்டன் கேட்கவில்லை.

இதைச் சொல்வது பாலாச்சடியின் ஒளியைக் குறைப்பதற்காக இல்லை. வங்கத்துக் குழந்தையின் பட்டினியையும் போலந்துக் குழந்தையின் பட்டினியையும் தராசில் எதிரெதிரே வைப்பவன் இரண்டு குழந்தைகளுக்கும் துரோகம் செய்கிறான். பாலாச்சடி காட்டும் உண்மை வேறு. அதிகாரத்தில் இருப்பவர் நினைத்தால் ஒரு குழந்தையின் மறுப்பைக்கூடக் காதில் வாங்க முடியும். நினைக்காவிட்டால் ஒரு மாகாணத்தின் கதறலும் கேட்காது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மண்ணில் நடந்தன.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகாமின் செலவுக்கு மகாராஜா தந்தார். மற்ற சமஸ்தானாதிபதிகளும் தொழிலதிபர்களும் நிதி தந்தார்கள். ஆக, அந்தப் பிள்ளைகள் உண்டது இந்தியக் குடியானவனின் வரியிலிருந்தும் இந்தியத் தொழிலாளியின் உழைப்பிலிருந்தும் வந்த சோறு. அவர்களுக்குச் சமைத்த, துவைத்த, மருந்து கொடுத்த, காவல் இருந்த நவாநகர் மக்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மகாராஜாவைப் போற்றும்போது இவர்களையும் சேர்த்தே போற்ற வேண்டும்.

திரும்பிப் போக வீடில்லாதவர்கள்

போர் முடிவை நெருங்கியது. 1945 பிப்ரவரியில் யால்டாவில் மூன்று தலைவர்கள் கூடி வரைபடத்தைத் திருத்தினார்கள். இந்தப் பிள்ளைகளின் ஊர்கள் இருந்த கிழக்குப் போலந்து சோவியத் ஒன்றியத்துக்குப் போயிற்று. வார்சாவில் மாஸ்கோவின் சொற்படி நடக்கும் அரசு வந்தது. குழந்தைகளைத் திருப்பி அனுப்புங்கள் என்ற நெருக்கடி எழுந்தது. எந்தக் கரங்கள் அவர்களை நள்ளிரவில் வீட்டிலிருந்து பிடுங்கினவோ, அவற்றிடமே திரும்ப ஒப்படைப்பதா என்பதுதான் கேள்வி.

அப்போது மகாராஜாவும் அருட்தந்தை புளூத்தாவும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியும் சேர்ந்து, பெற்றோர் இல்லாத பிள்ளைகளைச் சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டார்கள். இந்த வரலாற்றைப் பல ஆண்டுகள் தேடித் தொகுத்த அனுராதா பட்டாச்சார்ஜி இதைப் பதிவு செய்திருக்கிறார். வரவேற்பு நாளில் சொன்ன 'பாபூ' என்ற உறவு ஆவணத்தில் ஏறி, சட்டத்தின் முன் செல்லுபடியானது. தத்துப்பிள்ளையாக வந்து அரசரானவர், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தத்துத் தந்தையானார். அந்தக் கையெழுத்தின் பொருள் என்ன? திரும்பிப் போக மாட்டேன் என்று சொல்ல வயதும் வலிமையும் இல்லாத பிள்ளைகளுக்காக ஒரு பெரியவர் 'வேண்டாம்' என்று சொன்னார். கீரையில் தொடங்கிய மரியாதை இங்கே உயிரைக் காத்தது.

1946-இல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டது. பிள்ளைகள் கோலாப்பூர் அருகே வளிவடேயில் இருந்த பெரிய போலந்து முகாமுக்குப் போனார்கள். ஐயாயிரம் பேர் அளவில் வாழ்ந்த இடம் அது. பிறகு சிலர் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். சிலர் போலந்துக்கே திரும்பினார்கள். திரும்பியவர்களால் பல்லாண்டுகள் வாயைத் திறக்க முடியவில்லை. சைபீரியா என்ற சொல்லே அங்கே ஆபத்தானது. எப்படி இந்தியா போனாய் என்று யாராவது கேட்டால், ஏன் போனாய் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? ஆகவே ஒரு நல்ல நினைவும் கெட்ட நினைவோடு சேர்ந்து பூட்டிக் கிடந்தது. 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த பிறகுதான் பூட்டுத் திறந்தது.

அதன்பின் மளமளவென்று நடந்தது. வார்சாவில் ஒரு பள்ளி ஜாம் சாகேபைத் தன் புரவலராக ஏற்றது. போலந்தின் உயரிய விருதொன்று மறைந்தவருக்கு வழங்கப்பட்டது. அந்நகரின் ஓஹோத்தா பகுதியில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்ற பெயரில் ஒரு பசுமையான இடம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நம் பிரதமர் அங்கே சென்று மலர் வைத்தார். போலந்துப் பிரதமர் சிகோர்ஸ்கி கைம்மாறாக என்ன செய்யலாம் என்று கேட்டபோது, விடுதலை பெற்ற போலந்தில் ஒரு தெருவுக்குத் தம் பெயரை வைத்தால் போதும் என்று மகாராஜா சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. 1966-இல் காலமான அவர் அதைப் பார்க்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சொந்த மன்னர் இல்லாத நாடு, வேற்று நாட்டு மன்னர் ஒருவரை 'நல்லவர்' என்ற அடைமொழியோடு தன் தலைநகரில் நிறுத்தியிருக்கிறது. அவர் நாட்டையும் செல்வத்தையும் பார்த்துத் தந்த அடைமொழி இல்லை அது. பசியோடு வந்த பிள்ளைகள் வளர்ந்து தந்தது.

நமக்கு இதில் என்ன

இந்தக் கதைக்குச் சென்னையிலும் ஒரு கிளை உண்டு. வாண்டா டைனோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி 1930-களில் இந்தியா வந்தார். அடையாறு பிரம்மஞான சபையோடு தொடர்புடையவர், திருவண்ணாமலையில் ரமணரிடம் இருந்தவர். உமாதேவி என்று அழைக்கப்பட்டவர். போர்க்காலத்தில் இந்தியா வந்த போலந்து அகதிகளுக்காக உழைத்தார். 1944-இல் மாரிஸ் ஃப்ரிட்மனோடு சேர்ந்து சென்னையில் போலந்து-இந்திய நூலகம் என்ற வெளியீட்டு முயற்சியைத் தொடங்கினார். நாடற்ற நிலையில் இருந்த மக்களுக்குத் தாய்மொழியில் நூல்கள் சென்னையில் அச்சாயின. பின்னர் 1958-இல் திருக்குறளும் அதே வரிசையில் போலிஷில் வந்தது. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்த நூல், விருந்தினராக வந்தவர்களின் மொழிக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த அதிகாரத்தை நாம் மேடைதோறும் பேசுகிறோம். கடலைத் தாண்டி வந்த நம் சொந்தங்களை எப்படி வைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளும் கடமையும் நமக்கு இருக்கிறது. 1983 முதல் இலங்கைத் தமிழர்கள் இங்கே வந்தார்கள். மண்டபம் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். 2021-இல் அவற்றின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. புதிய வீடுகளும் கட்டித் தரப்படுகின்றன. இவை நல்ல காரியங்கள். ஆனால் அந்த முகாம்களில் பிறந்து, இங்கேயே படித்து, நம் கல்லூரிகளில் பட்டம் பெற்ற பிள்ளைகள் பலருக்கு இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் உறுதியாகக் கையில் இல்லை. அவர்கள் கல்வி, வேலை, இருப்பிடம் பற்றி நாம் எடுக்கும் முடிவுகளில் அவர்களுடைய வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு இடம்? 'இது எங்களுக்கு வேண்டாம், அது வேண்டும்' என்று அவர்கள் சொன்னால், சோறு போட்டவர்களிடமா இப்படிப் பேசுகிறீர்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

மாணவர்களே, நீங்கள் நாளை ஆட்சியராகவும் மருத்துவராகவும் ஆசிரியராகவும் ஆவீர்கள். உங்கள் மேசைக்கு எதிரே ஊரிழந்த ஒருவர், கையில் ஒரு மனுவோடு, நிச்சயம் வந்து நிற்பார். அவருக்கு நீங்கள் தரப்போவது எதுவாகவும் இருக்கட்டும். தருமுன் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் தந்ததில் ஒன்றை அவர் மறுத்தால், அந்த மறுப்பை நன்றிகெட்டதனம் என்று எழுதிவிடாதீர்கள். அவர் மறுபடி மனிதராக எழுந்து நிற்கத் தொடங்கியிருக்கிறார் என்று பொருள். பாலாச்சடிப் பிள்ளைகளுக்கு அந்த மரியாதை கிடைத்தது. அதனால்தான் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வார்சாவில் ஒரு குஜராத் அரசரின் பெயர் அன்போடு சொல்லப்படுகிறது. அந்த மரியாதையைத் தர அரியணை தேவையில்லை. நம் ஒவ்வொருவராலும் முடியும்.